செடிகொடி ஓவியம் சந்தையில் விற்குமா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். வாட்டர் கலரில் செடிகொடிகளை நுணுக்கமாக வரைவேன். இருபது ஓவியங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஓவியச் சந்தையில் ஸ்டால் போட்டால் விற்குமா? நேராக பெங்களூர் சித்திரச் சந்தைக்கே போகலாமா? என்ன விலை வைப்பது? பிரின்ட் போட்டால் ஒரிஜினலின் மதிப்பு குறைந்துவிடாதா?

விற்கும். ஆனால் பக்கத்து ஸ்டாலில் பிள்ளையாரும் புத்தரும் ஓடும் குதிரைகளும் போகிற வேகத்தில் போகாது. அவற்றை வாங்குகிறவர் வீட்டுச் சுவரை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார், சோபா நிறத்துக்கு ஒத்துவருமா என்று பார்க்கிறார். செடி ஓவியம் வாங்குகிறவருக்கு அந்தச் செடியோடு ஏதாவது ஒரு பழக்கம் இருக்கும். பாட்டி வீட்டுக் கொல்லை, பள்ளிக்கூட வாசலில் நின்ற மரம், கல்லூரியில் படித்த தாவரவியல், இப்போது வளர்க்கிற மாடித்தோட்டம், இப்படி ஏதோ ஒன்று. எதை வரைவது, எங்கே ஸ்டால் போடுவது, லேபிளில் என்ன எழுதுவது என்பதையெல்லாம் அந்தப் பழக்கத்தை வைத்தே முடிவு செய்யலாம்.

செடி ஓவிய ஸ்டாலில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது: "ஏம்மா, இது எங்க ஊர்ல வேலியோரம் சும்மா கெடக்குமே!" புதிதாக ஸ்டால் போடுகிறவர்களுக்கு இதைக் கேட்டதும் முகம் வாடிவிடும். வியாபாரம் ஆரம்பிக்கிற இடமே அதுதான். "உங்களுக்கு எந்த ஊருங்கய்யா?" என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் வரும், அந்தச் செடிக்கு அங்கே வழங்குகிற பெயர் வரும், சின்ன வயதில் எதற்கோ அரைத்துக் கொடுத்த கதையும் வரும். இவ்வளவு பேசியவர் விலையைப் பார்க்காமல் நகர்வது அபூர்வம். டூலிப்பையும் லேவண்டரையும் எவ்வளவு அழகாக வரைந்து வைத்தாலும் இந்தப் பேச்சு வராது. அதனால் சந்தைக்கென்று வரையும்போது ஆவாரை, தும்பை, எருக்கு, கொன்றை, நந்தியாவட்டை, சங்குப்பூ என்று பார்த்துப் பழகியவற்றை முன்னால் வையுங்கள். அபூர்வமான ஆர்க்கிட் ஒன்றிரண்டு இருக்கட்டும், உங்கள் திறமைக்குச் சாட்சியாக.

தொடராக வரைய ஒரு யோசனை: தலவிருட்சங்கள். மயிலாப்பூருக்குப் புன்னை, சிதம்பரத்துக்குத் தில்லை, திருவானைக்காவலுக்கு வெண்நாவல், திருவண்ணாமலைக்கு மகிழம். ஊரைவிட்டு வந்து சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறவர்கள் தங்கள் ஊர்க் கோயில் மரத்தின் கிளையைப் பார்த்தால் நிற்பார்கள். புதுமனை புகுவிழாப் பரிசாகவும் இது போகும், சாமி படம் கொடுக்கத் தயங்குகிற இடத்திலும் கொடுக்கலாம். தில்லையை வரையப் போனால் மட்டும் ஜாக்கிரதை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கும். கிளையை ஒடிக்காமல் நின்ற இடத்திலேயே வரையுங்கள்.

குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் வரையச் சொல்லிப் பலர் உங்களிடம் சொல்லுவார்கள், இல்லை ஏற்கனவே சொல்லியிருப்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் 99-ல் பல பூக்கள் இன்ன செடிதான் என்று அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. சந்தேகம் இல்லாத பத்துப் பன்னிரண்டை எடுத்துக்கொண்டு நிறுத்திவிடலாம். முழுத் தொகுதி என்று போர்டு வைத்துவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவர் வந்து "இது எப்படிம்மா அந்தப் பூ ஆகும்?" என்று கேட்கும்போது திணற வேண்டியதில்லை.

விஷயம் தெரிந்த அந்த ஒருவர் எல்லாச் சந்தைக்கும் வருவார். ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கொன்றைப் பூவின் மகரந்தத் தாள்களை எண்ணுவார். பத்து இருக்க வேண்டும், அதில் மூன்று நீண்டு வளைந்திருக்க வேண்டும். செங்காந்தளில் இதழ் ஆறு, தாள் ஆறு, சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கிப் போகும், இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருளும். இதெல்லாம் சரியாக இருந்தால் அவர் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் உங்கள் ஓவியத்தை விளக்க ஆரம்பித்துவிடுவார், சம்பளமில்லாத விற்பனையாளர் கிடைத்த மாதிரி. கோவையில் இருப்பதால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் மெட்ராஸ் ஹெர்பேரியமும் (உலர்த்திய செடி மாதிரிகளைச் சேமித்து வைக்கும் இடம்) அங்கேதான் இருக்கின்றன. பெயர் உறுதியில்லாத செடியை அங்கே விசாரித்துத் தெளிந்த பிறகு லேபிள் எழுதுங்கள்.

லேபிள் என்றதும் ஞாபகம் வருகிறது, பலரும் கோட்டை விடுகிற இடம் இது. "பூக்கள் - 3" என்று எழுதி வைத்தால் யாருக்கும் அதில் பிடிமானம் இருக்காது. இப்படி எழுதுங்கள்:

செங்காந்தள் (கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு)
குளோரியோசா சுபெர்பா
மருதமலை அடிவாரம், ஐப்பசி
பருத்திக் காகிதத்தில் வாட்டர் கலர், 11 × 15 அங்குலம்
ரூ. 6,600

ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்களைச் சேர்ப்பது முக்கியம். தாவரவியல் பெயரை இலத்தீன் எழுத்தில் போடும்போது சாய்வெழுத்தில் போடுங்கள், முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. விலையை எழுதாமல் "கேட்டுத் தெரிந்துகொள்ளவும்" என்று விடுவது பெரிய காலரிகளுக்குச் சரிப்படலாம். சந்தையில் கூச்சப்பட்டு கேட்காமலே போய்விடுவார்கள்.

இனி எங்கே போவது என்பது. கர்நாடக சித்திரகலா பரிஷத் 2004 முதல் நடத்துகிற சித்திரச் சந்தை பெங்களூர் குமாரகிருபா சாலையில் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள், லட்சக்கணக்கில் ஜனம். தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் போகிறார்கள். சில மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், மாதிரிப் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் வேலைக்கு அங்கே உள்ள சிக்கல் கூட்டம்தான். பத்தடி தள்ளி நடந்துகொண்டே பார்க்கிறவர்கள் கண்ணில் பெரிய கேன்வாஸ்தான் படும். இலை நரம்பைக் காட்ட ஒருவரை அரை அடி தூரத்துக்கு இழுக்க வேண்டும், பின்னால் வருகிற ஜனம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அங்கே போவதென்றால் தூரத்திலிருந்தே தெரிகிற ஒரு பெரிய ஓவியம் கட்டாயம் வேண்டும், வாழைப்பூவோ தாமரை இலையோ முழுத்தாள் அளவில். மற்றபடி பிரின்ட்டும் வாழ்த்து அட்டையும்தான் அன்றைக்கு வேகமாக ஓடும். முதல் வருஷம் வெறும் பார்வையாளராகப் போய் வாருங்கள் என்பேன். யார் எப்படி மாட்டியிருக்கிறார்கள், மத்தியானம் எந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது, ஜனம் எங்கே தேங்குகிறது என்பதைப் பார்த்து வந்தாலே பாதி வேலை முடிந்தது.

என் கணிப்பில் செடி ஓவியத்துக்கு நல்ல சந்தை ஓவியச் சந்தையே இல்லை. செடி பிடித்தவர்கள் கூடுகிற இடம். பெங்களூர் லால்பாக் பூங்காவில் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி வருஷத்துக்கு இரண்டு மலர்க் கண்காட்சி, ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மே மாதக் கண்காட்சி, நகரங்களில் நடக்கிற நாற்றுச் சந்தைகள், மாடித்தோட்டக்காரர்களின் சந்திப்புகள், இயற்கை விளைபொருள் சந்தைகள், விதைத் திருவிழாக்கள். அரசு கண்காட்சி என்றால் ஸ்டால் கிடைக்குமா என்று தோட்டக்கலைத் துறையிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விதைத் திருவிழாவுக்குப் போனால் பூவைவிட நெற்கதிர் எடுபடும். மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் அடுத்தடுத்து, கதிர் ஒன்று, உமியோடு நெல் ஒன்று, உமி நீக்கிய அரிசி ஒன்று என்று வரைந்து வைத்தால் இயற்கை அங்காடி நடத்துகிறவர்கள் கடையில் மாட்ட வாங்குவார்கள். அங்கே வருகிறவர்கள் பெரிய விலை கொடுக்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். விதைக்காக இருநூறு கிலோமீட்டர் வந்தவர் அந்த நெல்லின் படத்துக்கு யோசிக்கிறார் என்றால், பெரும்பாலும் அது வீட்டில் மாட்ட இடம் இருக்கிறதா என்ற யோசனைதான்.

ஸ்டால் வாடகையைப் பொறுத்தவரை நான் வைத்திருக்கும் அளவு எளிது. உங்கள் மிகச் சிறிய ஒரிஜினலின் விலைக்குள் வாடகை அடங்க வேண்டும். அதற்கு மேல் கேட்கிற இடத்துக்கு முதல் இரண்டு வருஷம் போக வேண்டாம்.

மாட்டுவதற்குக் கம்பி வலைத் தட்டிகளும் எஸ் கொக்கிகளும் போதும். ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வருகிற மாதிரி மாட்டுங்கள். காற்றுக்குத் தட்டி சாயும், பின்கால்களில் மணல் மூட்டையோ தண்ணீர்க் கேனோ கட்டிவிடுங்கள். நெருக்கி மாட்டாதீர்கள். செடி ஓவியத்துக்கு அதைச் சுற்றியுள்ள வெள்ளை இடம் உயிர், நான்கு ஓவியம் மாட்டுகிற இடத்தில் ஏழு மாட்டினால் மளிகைக்கடை காலண்டர் மாதிரி ஆகிவிடும். ஒரு லென்ஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். குழந்தைகள் எடுத்து எறும்பு இருக்கிறதா என்று தேடும், பெற்றோர் நிற்பார்கள்.

ஸ்டாலிலேயே உட்கார்ந்து வரைவது நல்ல விளம்பரம். ஆனால் சங்குப்பூவைப் பாட்டிலில் வைத்தால் சாயங்காலத்துக்குள் துவண்டுவிடும். கொன்றைக் காய், தாமரைக் காய், காய்ந்த எருக்கங்காய் பஞ்சோடு, இப்படி நாள் முழுக்க மாறாத ஒன்றை வையுங்கள். காட்டிலிருந்து எதையும் பறித்துக்கொண்டு வந்து வைக்காதீர்கள். நீலக்குறிஞ்சி இப்போது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது.

எல்லாவற்றையும் பிரேம் போட்டுத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஐந்தாறு பிரேமில், மீதி மவுண்ட் (ஓவியத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) மட்டும் போட்டுத் தெளிவான உறையில். மவுண்ட் போர்டும் பின்னட்டையும் அமிலமில்லாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சில வருஷத்தில் காகிதத்தின் ஓரம் பழுப்பாகிவிடும். உறையில் போட்டதை வெயிலில் வைத்தால் உள்ளே ஈரம் வேர்த்து நிற்கும், நிழலில் பெட்டியில் நிறுத்தி வையுங்கள். கண்ணாடி போட்ட பிரேமில் வெளிச்சம் பிரதிபலித்துப் பார்க்கிறவர் முகமே தெரியும். தட்டியைச் சற்று முன்பக்கம் சாய்த்தால் குறையும்.

இதைவிடப் பெரிய விஷயம் நிறம் நிலைக்குமா என்பது. காகிதப்பூ, செம்பருத்தி, அரளி வரைகிறவர்கள் அந்தப் பளிச்சென்ற இளஞ்சிவப்புக்காக ஓப்பரா பிங்கைத் தொடுவார்கள். வெளிச்சத்தில் அந்தப் பளபளப்பு போய்விடும். அலிசரின் கிரிம்சனும் அப்படித்தான். ட்யூபின் மேல் பிக்மென்ட் (நிறமி) எண் சிறிதாக அச்சிட்டிருக்கும். அலிசரினின் எண்ணான பிஆர் 83 என்று இருந்தால் விற்கிற ஓவியத்தில் வேண்டாம், பிவி 19 என்ற குவினாக்ரிடோன் ரோஸ் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்யும். சந்தேகமான நிறத்தை ஒரு பட்டையாகப் பூசி, பாதியை மூடி, ஜன்னலில் சில மாதம் ஒட்டி வையுங்கள். காசு கொடுத்து வாங்கியவர் வீட்டில் பூ வெளுத்தால் அவர் புகார் சொல்ல வர மாட்டார், ஆனால் இன்னொரு தடவை வாங்கவும் மாட்டார். ஓவியத்தோடு ஒரு சீட்டும் கொடுங்கள்: நேர் வெயில் படும் சுவரிலும், மழைக்கு ஓதம் ஏறும் வெளிச்சுவரிலும் மாட்டக் கூடாது என்று. கடலோர ஊர்களில் பிரேமுக்குள் பூஞ்சைப் புள்ளி விழுவது இந்த ஓதத்தால்தான்.

விலை. சதுர அங்குலக் கணக்கு ஆரம்பத்துக்கு நல்லது, ஏனென்றால் ஏன் இந்த விலை என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்கும். உதாரணத்துக்குச் சதுர அங்குலம் 40 ரூபாய் என்று வைத்தால் 11 × 15 அங்குலக் கால்தாள் 6,600 ரூபாய், 15 × 22 அரைத்தாள் 13,200. பிரேம் விலை தனி. ஆனால் செடி ஓவியத்தில் உழைப்பு அளவோடு ஏறுவதில்லை. கையளவு சப்பாத்திக்கள்ளிக்கு முள் முள்ளாக ஒரு வாரம் போகும், அரைத்தாள் வாழை இலை இரண்டு நாளில் முடியும். அதனால் கணக்குப் போட்ட பிறகு, அதிகம் உழைத்ததைக் கொஞ்சம் ஏற்றுங்கள். சுலபமாக முடிந்ததைக் குறைக்க வேண்டாம், அந்தக் கை இலகுவாக வரப் பல வருஷம் ஆகியிருக்கும். சந்தையிலும் இன்ஸ்டாகிராமிலும் காலரியிலும் ஒரே விலை இருக்கட்டும். காலரிகள் 30 முதல் 50 சதவீதம் வரை கமிஷன் கேட்பதுண்டு, அதைத் தாங்குகிற விலையாக முதலிலேயே வைத்துவிட்டால் பின்னால் சங்கடம் இல்லை.

பேரம் நடக்கும். "ஒரு எலைக்கு ஆறாயிரமா? நாலாயிரம் போட்டுக் குடும்மா."
"இல்லைங்கண்ணா, வெலை ஒண்ணுதான். இந்தச் செடியோட சின்ன பிரின்ட் ஒண்ணு சேர்த்துத் தர்றேன், வச்சுக்குங்க."
இவ்வளவு போதும். ஒரிஜினலில் பணத்தைக் குறைத்தால் போன மாதம் முழு விலைக்கு வாங்கியவருக்கு நீங்கள் செய்கிற துரோகம் அது. இரண்டு ஒரிஜினல் எடுப்பவருக்குக் குறைப்பது வேறு. பணத்துக்குக் க்யூஆர் அட்டை இரண்டு வையுங்கள். கூட்டம் அதிகமானால் சிக்னல் படுத்தும், பணம் வந்ததாக உங்கள் போனில் தெரிந்த பிறகே பொருளைக் கட்டுங்கள். கட்டும்போது தடித்த காகிதத்தைச் சுருட்டிக் குழாயில் திணிக்காமல் பட்டர் பேப்பர் சுற்றி இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக.

பிரின்ட் பற்றி. ஒரிஜினலை அது விழுங்கிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது, ஆனால் 6,000 ரூபாய் கொடுப்பவரும் 500 ரூபாய் கொடுப்பவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். இரண்டு கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் போதும். பிரின்ட் ஒரிஜினலைவிடச் சின்னதாக இருக்கட்டும். எண்ணிக்கையை முன்பே முடிவு செய்து, 50 என்றால் 50, ஒவ்வொன்றிலும் பென்சிலால் 7/50 என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், பிறகு 51-வது போடாதீர்கள். போனில் எடுத்த படத்தை அச்சடிக்காமல், நல்ல ஸ்கேனரில் 300 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல் எடுத்து, பிக்மென்ட் மையில் பருத்திக் காகிதத்தில் போடுங்கள். ஒரிஜினலையும் அதன் பிரின்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவது மட்டும் வேண்டாம். வாழ்த்து அட்டைகள் முன் மேசையில் இருந்தால் ஜனம் அதைப் புரட்டிவிட்டு நிமிராமலே போய்விடும், உள்பக்கம் வையுங்கள்.

"இது வெள்ளைக்காரன் பாணி ஆச்சே" என்று சிலர் சொல்வார்கள். ராபர்ட் வைட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் 1838 முதல் 1853 வரை மெட்ராஸில் வெளியிட்ட இந்தியத் தாவரப் படத்தொகுதியில் 2,101 படங்கள் இருக்கின்றன. அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் ஊர் ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். கேட்டவர் பொறுமையாக நின்றால் இதைச் சொல்லுங்கள், பலருக்கும் இது புதுச் செய்தி.

சந்தையில் அன்றைக்கு விற்பதைவிடப் பின்னால் வருகிற ஆர்டர் பெரிதாக இருக்கலாம். எங்கள் தோட்டத்து மாமரத்தை வரைந்து கொடு என்பார்கள், மூலிகைப் பொருள் விற்கிற ஒருவர் டப்பாவில் போட ஆவாரம்பூ கேட்பார். பாதி அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு முன் ஒன்றை எழுத்தில் பேசிவிடுங்கள். நீங்களாக வரைந்து விற்ற ஓவியத்தின் பதிப்புரிமை, ஓவியம் கைமாறினாலும் உங்களிடமே இருக்கும், உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுக்கும். ஒருவர் கேட்டு, அவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியம் அப்படியல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, மாறாக ஒப்பந்தம் இல்லையென்றால் வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆக, உரிமை என்னிடமே இருக்கும், இன்ன பொருளின் உறையில் இத்தனை வருஷத்துக்குப் பயன்படுத்தலாம், அதற்குத் தனிக் கட்டணம் இவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் "ஓகே மேடம்" என்று வந்ததை நம்பி டப்பாவுக்கு வரைந்து கொடுக்காதீர்கள்.

ஜிஎஸ்டி பற்றிக் கவலை வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. பெங்களூரில் ஸ்டால் போடும்போது வெளிமாநில விற்பனை விதிகள் வரும், கையால் செய்த பொருள்களுக்கு அதில் சலுகையும் உண்டு. விண்ணப்பம் போடுவதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் இதை மட்டும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.